படத்தில் சிவப்பாக இருந்த புல்வெளி

சாயங்காலம் நாலு இருபதுக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. எண் காட்டும் சின்னப் பெட்டியில் என் மகளின் கைபேசி எண் தெரிந்தது. எடுத்த எடுப்பிலேயே, "சாப்பிட்டியா, இல்லையா?" என்று கேட்டேன். அவள் எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

பதில் சொன்னது ஓர் ஆண் குரல்.

"அலோ, இந்த போனு யாருதுங்க?"

"நீங்க யாரு? என் பொண்ணு போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"பொண்ணா?" என்றார் அவர். காற்றுச் சத்தமும் தூரத்தில் ரயில் போகும் சத்தமும் கேட்டன. "ஏரிக்கரைமேல ஒரு பை கீதும்மா. பக்கத்துல செருப்பு கீது, கொடை கீது. ஆளத்தான் காணோம். பையில போனு இருந்துச்சு, பச்ச பட்டன அமுக்கினேன், உங்க நம்பருக்குப் போச்சு. உங்க பொண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா?"

எந்த ஏரி என்று கேட்டேன். செங்கல்பட்டுக்கு முன்னால் ரயில்வே கேட் ஒன்றைத் தாண்டி இருக்கும் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். "கேட்டாண்ட வந்து கேட்டா யாரும் சொல்லுவாங்க. சீக்கிரம் வாம்மா," என்றார். அதுவரை 'உங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் 'வாங்க' என்று சொல்லாமல் 'வாம்மா' என்றதில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. இனி மரியாதைக்கெல்லாம் நேரமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. இணைப்பு அறுந்துபோனது. திருப்பி அழைத்தபோது, அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது.

வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அன்று சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. கணவருக்கு ஒசூரில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். நான் கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து தினமும் காலை அலுவலகப் பேருந்தில் திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலை வழியாகச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போவேன். சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். எங்களுக்கு ஒரே பெண். அப்போது சென்னையில் புவியியலில் முதுகலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கடைசி ஆண்டு ஆய்வு இதுதான்: கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரை வேகமாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த அந்தப் பட்டையில் மரமும் புல்லும் எங்கெங்கே மிச்சமிருக்கின்றன என்று செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைபடம் தயாரிக்க வேண்டும். அதற்காக ஒரு பெரிய படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசைமேல் விரித்தாள். இரண்டு மாதம் நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தபோது பயந்துவிட்டேன். ஊரெல்லாம் சிவப்புத் திட்டுகள்.

"என்னடி இது, ரத்தம் கொட்டின மாதிரி இருக்கு?"

"அம்மா, சிவப்புதான் பச்சை," என்று சிரித்தாள். உயிருள்ள இலை நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை ஒளியை நிறைய திருப்பி அனுப்புமாம். அந்த ஒளியைச் செயற்கைக்கோள் பிடித்துக்கொள்ளும். நாம் பார்ப்பதற்காக அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிடுவார்களாம். எங்கே சிவப்பு அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே இலை செழிப்பாக இருக்கிறது என்று பொருள். வீடும் சாலையும் வெளிர்நீலமாகத் தெரியும். தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஒரு வாரத்தில் எனக்கும் பழகிவிட்டது. கோவில் நந்தவனம், பள்ளிக்கூட மைதானத்து ஓர மரங்கள், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மாந்தோப்பு என்று நானே விரல் வைத்துக் காட்டினேன். எங்கள் தெருவில் சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை. எங்கள் வீட்டு முருங்கை மரம் அந்தப் படத்துக்கு எட்டவே இல்லை.

படத்தின் கீழ்ப்பகுதியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய திட்டு இருந்தது. அந்தப் படத்திலேயே அதுதான் நல்ல சிவப்பு. ஓரங்கள் வளைந்து, உள்ளே ஒரு கறைகூட இல்லாமல், இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. மரமாக இருந்தால் சொரசொரப்பாகத் தெரியும், இது வழவழப்பாக இருக்கிறது, அதனால் புல்வெளி என்று அவளும் அவளுடன் படித்த பெண்ணும் பேசி முடிவு செய்தார்கள். மற்ற இடங்களுக்கு எண்தான் கொடுத்தார்கள். இதற்கு மட்டும் செல்லமாக 'மைதானம்' என்று பெயர் வைத்தார்கள்.

"இவ்வளவு பெரிய புல்வெளி நம்ம பக்கத்துலயா இருக்கு?" என்று கேட்டேன். கூடுவாஞ்சேரியில் அப்போது உட்கார ஒரு பூங்கா கிடையாது. மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று எழுதியிருந்த இடத்தில் ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள்.

"ஆமாம்மா. வேலை முடியட்டும், அப்பா வந்திருக்கும்போது ஒரு ஞாயித்துக்கிழமை புளிசாதம் கட்டிக்கிட்டுப் போலாம்."

"வத்தலும் வறுத்து எடுத்துக்கலாம்," என்றேன் நான்.



படத்தைப் பார்த்து வகை பிரித்தால் மட்டும் போதாது. அது சரியா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எங்கே போய்ப் பார்ப்பது என்பதை அவர்கள் விருப்பத்துக்கு விடுவதில்லை. ஒவ்வொரு திட்டுக்குள்ளும் கம்ப்யூட்டரே ஏதோ ஓர் இடத்தில் புள்ளி வைத்துவிடும். அந்தப் புள்ளியில் போய் நிற்க வேண்டும். அவளுடைய பேராசிரியர் இதில் மிகவும் கண்டிப்பு. ரோட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு டிக் அடிப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. "புள்ளி எங்க இருக்கோ அங்க உன் கால் இருக்கணும்" என்பாராம். அதற்காகத் துறையிலிருந்து தண்ணீர் புகாத கையடக்கக் கருவி ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தாள். மஞ்சள் உறைக்குள் இருக்கும். வானத்திலிருந்து வரும் சைகையைப் பிடித்து, புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது, இன்னும் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று சின்னத் திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டும். ஒருநாள் எங்கள் மொட்டைமாடியிலேயே அதை எனக்குக் காட்டினாள். அம்பு காட்டிய பக்கம் நாலு அடி நடந்தேன், எண் குறைந்தது. இன்னும் இரண்டு அடி நடந்தேன், இன்னும் குறைந்தது. கைப்பிடிச் சுவரில் இடித்துக்கொண்டபோதுதான் நான் எங்கே போகிறேன் என்று பார்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான் இயல்பிலேயே பயந்தவள். அவள் களப்பணிக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று சொல்லுவேன்: ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்காரன் நிற்க மாட்டான், ஓரமாகப் போ. புதரில் பாம்பு இருக்கும். யாராவது வண்டியில் ஏறச் சொன்னால் ஏறாதே. தண்ணீர் நிறையக் குடி, வெளியே தண்ணீர் குடிக்காதே. அவள் இதற்கு 'அம்மா வழங்கும் செய்திகள்' என்று பெயர் வைத்திருந்தாள். அன்று அவளுடன் வழக்கமாக வரும் பெண்ணுக்குக் காய்ச்சல். நான் துணைக்கு வருகிறேன் என்றேன்.

"வேணாம்மா. நீ வந்தா ஒவ்வொரு புள்ளியிலயும் நாய் இருக்கான்னு முதல்ல பாப்ப. இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். மைதானத்தோட முடிஞ்சுது."

தொப்பி போட்டுக்கொண்டு போனாள். எங்கள் அலுவலக விளையாட்டு விழாவில் எனக்குக் கொடுத்த நீலத் தொப்பி அது.

அந்த ஆள் ஏரி என்று சொன்னதும் எனக்கு எதுவும் புரியாமல் போனது இதனால்தான். அவள் பட்டியலில் ஏரி கிடையாது. தண்ணீர் கறுப்பு. அவளுக்குக் கறுப்பில் வேலையே இல்லை. அவள் ஏன் ஏரிக்குப் போனாள்?

பக்கத்துத் தெரு முனையில் நின்ற ஆட்டோவில் ஏறினேன். அடுப்பை அணைத்தேனா என்று ஒரு பயம் வந்தது. அந்த நேரத்திலும் அது வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்கா?"

"ஏரிக்கரைக்கு."

"அங்க இன்னா?"

"என் பொண்ணோட செருப்பு இருக்காம்."

பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார். மறைமலைநகர் தாண்டும்போது வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, "அண்ணாத்த, கொஞ்சம் வுடு! அர்ஜெண்டு!" என்று ஒவ்வொரு வண்டியாகக் கத்திக் கத்தி வழி வாங்கினார். நான் மனதுக்குள் அவள் அந்த வாரம் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை தொலைபேசியில் தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசினாள். இருபத்திரண்டு வருஷம் வளர்த்த பெண்ணைப் பற்றி அப்படி ஒரு சந்தேகம் வந்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் வந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கி, கம்பிக்குக் கீழே குனிந்து ஓடினேன். கேட்டைத் தாண்டியதும் மண் ரோடு ஏறிக் கரையில் முடிந்தது. கரைமேல் முப்பது நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள். அந்த வழியின் முடிவில் அவள் செருப்பு இருந்தது.

இரண்டும் சேர்த்து, ஒழுங்காக, கோவில் வாசலில் விடுவதுபோல வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் மடக்கிய குடை. அதன்மேல் சாய்த்து வைத்த துணிப்பை.

முழுக்கைச் சட்டையை இடுப்பில் கட்டியிருந்த ஒருவர் முன்னால் வந்தார். உடம்பெல்லாம் ஈரம். "நான்தாம்மா போன் பண்ணது. வலை போட வந்தேன். உங்ககிட்ட பேசினதோட போனு ஆஃப் ஆயிடுச்சு," என்று கைபேசியை என்னிடம் நீட்டினார். கரையோரம் ஒரு லாரி டயர் டியூப் காற்றடித்துக் கிடந்தது. அதில் உட்கார்ந்து மிதந்துதான் அவர் மீன் பிடிப்பாராம்.

நான் அவரைத் தாண்டி ஏரியைப் பார்த்தேன்.

ஏரியே இல்லை. கரையிலிருந்து எதிர்க்கரைவரை ஒரே பச்சை. கரையோரக் கோரைப்புல்லும் அந்தப் பச்சையும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. ஓரங்கள் வளைந்து, நடுவே ஒரு கறைகூட இல்லாமல், இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. ஆகாயத்தாமரை. அந்த வளைவை நான் இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேசைமேல் பார்த்துக்கொண்டிருந்தேன். இது ஏரி. இதுதான் மைதானம். புளிசாதம் கட்டிக்கொண்டு வரலாம் என்று நாங்கள் சொன்ன இடம் இதுதான்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. ரயில் பாதைக்கு அப்பால், மரங்களின் இடைவெளியில் ஜி.எஸ்.டி. சாலை தெரிந்தது. அதில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பேருந்துகளில் ஒன்றில் உட்கார்ந்து, எத்தனையோ வருஷமாகத் தினமும் இரண்டு முறை இதே ஏரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஊதாப் பூ பூத்திருக்கும் மாதங்களில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், "தண்ணியே தெரியாம எப்படி மூடியிருக்கு பாருங்க" என்று சொல்லியிருக்கிறேன். நான் பக்கவாட்டில் பார்த்ததை என் மகள் மேலிருந்து பார்த்தாள். ஒரே இடத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. இலை இருந்தால் சிவப்பு. இலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அந்தப் படம் சொல்லாது. நாங்களும் கேட்கவில்லை.

"ஏம்மா, நீதான் பெத்தவளா?" கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள். தலையில் புல்லுக்கட்டு, அதை இறக்கி வைக்காமலே நின்றிருந்தாள். "வூட்ல இன்னா பிரச்சினை? திட்டினியா?"

"இல்லைங்க."

"மாப்ள கீப்ள பாத்தீங்களா? புடிக்கலன்னு சொல்லுச்சா?"

"இல்லைங்க. அவ வேலையா வந்தா."

"ஏரியில இன்னா வேலை?"

"புல்வெளி இருக்கான்னு பாக்க வந்தா."

சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் யாரோ, "புல்லு பாக்க காலேஜ் பொண்ணு வந்துச்சாம். நம்ம ஆடுங்க எல்லாம் எந்த காலேஜு?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். "சும்மா கெடங்கடா," என்று வலைக்காரர் அதட்டினார். என்னிடம் திரும்பி, தணிந்த குரலில், "செருப்ப இப்படி ஜோடியா வுட்டுட்டுப் போறவங்க... தெரியாம வுழுந்தா செருப்பும் கூடத்தானம்மா போவும்?" என்றார்.

அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது முதலிலேயே புரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. களப்பணியில் சேறு வந்தால் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு நடக்க வேண்டும், அறுந்த செருப்போடு வீடு வந்து சேர முடியாது என்பது அவர்கள் துறையில் மூத்த மாணவர்கள் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அவள் அப்படித்தான் எங்கேயும் வைப்பாள். பையையும் வைத்துவிடுவாள், தோள் வலிக்கும் என்று. நான் அதைச் சொல்லப் பார்த்தேன். "சேறுன்னு நெனச்சுக் கழட்டியிருப்பா. சதுப்பு நிலம்னு நெனச்சிருப்பா," என்றேன். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்பது போலப் புல்லுக்கட்டுப் பெண் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. பரிதாபமாகத்தான் பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பையைத் திறந்தேன். தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவும் காலி, கழுவி வைத்திருந்தாள். மஞ்சள் உறை இருந்தது. உறைக்குள் கருவி இல்லை.

அதைப் பார்த்ததும் அவள் போன வழி எனக்குத் தெரிந்துவிட்டது. சாக வருகிறவள் துறைக்குத் திருப்பித் தர வேண்டிய கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு போக மாட்டாள். அவள் அம்பைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறாள். எண் குறைந்துகொண்டே வந்திருக்கும். மொட்டைமாடியில் நான் சுவரில் இடித்துக்கொண்டேன். இங்கே இடித்துக்கொள்ளச் சுவர் இல்லை.

வலைக்காரர் டியூபைத் தண்ணீரில் தள்ளி மறுபடி இறங்கினார். இன்னும் இருவர் நீண்ட மூங்கில் கழிகளோடு வேறு டியூப்களில் இறங்கினார்கள். ஆகாயத்தாமரையைக் கையால் விலக்கினால் கறுப்பாகத் தண்ணீர் தெரியும். அவர்கள் நகர்ந்ததும் பச்சை மறுபடி மூடிக்கொள்ளும், யாருமே அந்த வழியில் போகாததுபோல. கழியை நட்டு அடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறை கழி உள்ளே போகும்போதும் எதன்மேலோ அது படும் என்று கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு தரம் கழியின் நுனியில் துணி சுற்றிக்கொண்டு வந்தது. என் வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையது என்றே எனக்குத் தெரியவில்லை. அது பழைய சிமெண்டுச் சாக்கு.

"ஃபயர் சர்வீசுக்கு சொல்லிக்கீது. வந்துகினே கீறாங்க," என்று யாரோ சொன்னார்கள். "கேட்டாண்ட நிக்குது. ரெண்டு வண்டி பாஸ் ஆவணும்."

பிறகு வலைக்காரர் கையைத் தூக்கினார். கரையிலிருந்து நன்றாக உள்ளே, இலைகளின் மேல், என் நீலத் தொப்பி உட்கார்ந்திருந்தது. நனையக்கூட இல்லை. அதை எடுத்துக் காட்டிவிட்டு அதே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கழியை நட்டார்கள். புல்லுக்கட்டுப் பெண் கட்டை இறக்கி வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகில் கை வைத்தாள்.

நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்று அப்போது வரிசையாக நினைவு வந்தது. லாரிக்கு, பாம்புக்கு, நாய்க்கு, ஆண்களுக்கு, வெளியூர்த் தண்ணீருக்கு. பச்சையாகவும் அமைதியாகவும் இருக்கும் ஒன்றுக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இவ்வளவு வருஷம் கழித்தும் பேருந்தில் ஏரிப் பக்கத்து ஜன்னலில் நான் உட்காருவதில்லை. எங்கள் பகுதியில் பசுமை இவ்வளவு மிச்சமிருக்கிறது என்று யாராவது வரைபடத்தோடு செய்தி போட்டால், அதில் எத்தனை இடத்தில் யார் கால் வைத்துப் பார்த்தார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது.

வெயில் இறங்கிவிட்டது. எதிர்க்கரையில் கருவேலங்காடு கறுத்துக்கொண்டு வந்தது. கேட்டில் ரயில் ஒன்று போனது, இன்னொன்று போனது. கேட் திறக்கும் மணி கேட்டதும், தீயணைப்பு வண்டி என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

மண் ரோட்டில் அதற்கு முன்னால் ஏறி வந்தது ஒரு மொபெட். ஓட்டியவர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பாய். முன்னால் கால் வைக்கும் இடத்தில் பெரிய துணிமூட்டை. ஊர் ஊராகப் போய்த் துணி விற்பவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடிப்புக்கூடக் கலையாத புது நைட்டி, கழுத்துப் பக்கம் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. தலைமுடியெல்லாம் சேறு. கால்களில் முள் கிழித்த கோடுகள்.

அது யார் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. நான் தண்ணீரிலிருந்து ஒருத்தி வருவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். ரோட்டிலிருந்து ஒருத்தி வருவாள் என்று எனக்குள் யாருமே எதிர்பார்க்கவில்லை.

பாய் வண்டியை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். ஏரியில் மிதந்த மூவரையும் பார்த்தார். "இந்தப் புள்ளயத்தான் தேடுறீங்களா?" என்றார். "நாசமாப் போச்சு. அந்தாண்ட ரோட்ல நின்னுகினு நடுங்கினு இருந்துச்சும்மா. கழுத்து வரைக்கும் முழுகிட்டு, தாமரைய அள்ளிக் கட்டிப் புடிச்சுக்கிச்சாம். காத்து அப்படியே மொத்தமா அந்தக் கரைக்குத் தள்ளிகினு போயிருக்குது. அல்லா காப்பாத்துனான். முள்ளுக்காட்டுல வெறுங்காலோட நடந்து வந்துருக்குது. ஈரத்தோட எப்படி ஏத்திகினு வர்றது, மூட்டையைப் பிரிச்சு ஒரு நைட்டியைக் குடுத்துட்டு நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுகினேன். ஒரு ரூபா போன்ல வூட்டுக்கு மூணு தபா அடிச்சோம், எடுக்கல. அது போனுக்கு அடிச்சா ஆஃப்னு வருது. சரி, பையை வுட்ட எடத்துக்கே போலாம்னு சொல்லுச்சு. சுத்திகினு வந்தா, கேட்டு போட்டுட்டான்."

அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. வலைக்காரர் ஏரிக்குள்ளிருந்து, "கெடச்சிடுச்சாம்! மேல வாங்கடா!" என்று கத்தியது கேட்டது. புல்லுக்கட்டுப் பெண் எனக்கு முன்னால் ஓடிப்போய் அவள் தோளில் ஓர் அடி அடித்தாள். "இன்னாடி பொண்ணு நீ! உங்கம்மா செத்துப் பொயச்சு உக்காந்துகீறா!" என்று அழுதாள்.

நான் போய் அவள் முன்னால் நின்றேன். சாப்பிட்டியா என்றுகூட வாயில் வரவில்லை. அவள் கையைப் பிடித்தேன். கை ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. இன்னொரு கையில் அந்தக் கருவி. விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன, பிரிக்க முடியவில்லை. திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அம்பு ஏரியின் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குமேல், மறுபடி மூடிக்கொண்டிருந்த பச்சையைப் பார்த்தாள்.

"இன்னும் பதினோரு மீட்டர்தாம்மா இருந்துச்சு," என்றாள்.